எலுமிச்சைக்குப் பக்கத்தில் எதை நடலாம்?

நம்ம திருவண்ணாமலையில் பல வீட்டுக் கொல்லையில் சமையலுக்குக் கறிவேப்பிலை, பூஜைக்கு வில்வம், ஊறுகாய்க்கு எலுமிச்சைன்னு மூணும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். அதனால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு மூன்றின் தளிரையும் தின்னும். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி தெரியும், வளர்ந்தா பச்சை. எலுமிச்சையில் கண்டால் மற்ற ரெண்டையும் பாருங்க. கையால் பொறுக்கி எடுங்க. மருந்து அடிச்சா அது ரசத்துக்குப் போடுற கறிவேப்பிலையிலும் படும்.

பக்கத்தில் செண்டுமல்லி நடுங்கள். வேரைத் தாக்கும் சில நூற்புழுக்களைக் குறைக்கும். தட்டைப்பயறு மண்ணுக்குத் தழைச்சத்து தரும். எலுமிச்சையின் வேர்கள் மேல்மண்ணிலேயே படரும். மரத்தடியில் கிழங்குப் பயிர் வேண்டாம், ஆழமா கொத்தவும் வேண்டாம்.

சந்தேகம்னா, பாதித்த இலையோடு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்க.