நெடுஞ்சொல்லும் நாவும்

கீழக்கரைப் பெருமக்களே! தமிழன்பர்களே!

தனித்தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வாய்விட்டுப் படிக்கும் சிறுவர்தம் நாவை இடறுபவை என்று குறை கூறுவார் இன்றும் உளர். 'பல்கலைக்கழகம்' என்பதில் எழுத்து 9. 'யூனிவர்சிட்டி' என்பதில் 7. எனவே பின்னதே எளிதென்பர். எழுத்தை எண்ணினர், மூட்டை எண்ணினாரிலர். பல், கலை, கழகம் என்னும் மூன்றும் சிறுவன் முன்பே அறிந்த சொற்கள். இடையில் மிக்க ககரவொற்று, மூட்டு இங்கே எனக் கைகாட்டி நிற்கின்றது. மற்றதிலோ நாவுக்குப் பற்றுக்கோடு இல்லை. ஏழெழுத்தையும் ஒவ்வொன்றாகத் தடவியே கடத்தல் வேண்டும்.

பகாச்சொல்லுக்கு 7 எழுத்தும் பகுசொல்லுக்கு 9 எழுத்தும் எல்லையென வகுத்தார் பவணந்தியார். பகுக்க இயலுமாயின் நீளலாம் என்பதே அதன் உட்கிடை. (ஏழெழுத்துப் பகாச்சொல்லுக்கு உரைகாரர் காட்டிய சான்று 'உத்தரட்டாதி' என்னும் வடசொல்! அத்துணை நீண்ட பகாச்சொல் தமிழில் தேடினும் அரிது.)

ஈற்றின்மேல் ஈறு சேர்ந்து நீளும் இயல்பு துருக்கி மொழிக்கும் உண்டு. 'எவ்' என்பது வீடு; 'எவ்லெர்' வீடுகள்; 'எவ்லெரிமிஸ்' எம் வீடுகள்; 'எவ்லெரிமிஸ்தென்' எம் வீடுகளிலிருந்து. அந்நாட்டார் 1928-இல் அரபு எழுத்தை விடுத்து இலத்தீன் எழுத்தை ஏற்றனர். அதில் பெரும்பாலும் ஓரெழுத்துக்கு ஓரொலியே. ஆயினும் புதிதாய்ப் படிப்பவனுக்குச் சொல் நீள நீளக் காலமும் நீள்கின்றது. பழகிய சொல்லாயின் கண் அதனை முழுதாய்ப் பற்றிக்கொள்ளும், தடை குறையும்.

எழுத்து மாறுதல் இவ்வூரார்க்குப் புதிதன்று. இங்கு அடங்கியுள்ள மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் நூல்கள் யாத்தார். எழுத்து அரபு; ஓதுவார் வாயில் ஒலித்தது தமிழ். எழுத்துருவம் மாறியும் சொல்லின் மூட்டு மாறவில்லை.

வகுப்பறையில் நிகழ்வது என்ன? சிறுவன் தடுமாறினால் "எழுத்துக்கூட்டு" என்பர். "பிரித்துப் பார்" என்பார் அரியர். நாளிதழ்களோ வரி முடியுமிடத்தில் 'பல்க' என ஒடித்து, அடுத்த வரியில் 'லைக்கழகம்' என வைக்கின்றன. அவ்வொடிப்பில் பழகிய கண்ணுக்கு மூட்டு எங்ஙனம் புலப்படும்?

நம்மவர் குற்றமும் ஒன்றுண்டு. 'கொண்டுவரப்பட்டிருக்கின்றன' என்பதில் எழுத்து 15. ஆங்கிலத் தொடரை அவ்வாறே பெயர்த்த அலுவலக நடையின் விளைவு இது. 'கொணர்ந்துள்ளனர்' எனின் 9-இல் முடியும்.

ஆசிரியப் பெருமக்களே! நாளைப் பாடத்தின் நெடுஞ்சொற்களைக் கரும்பலகையில் மூட்டு மூட்டாக எழுதுங்கள். சிறுவர் முதலில் உறுப்புகளை ஒலிக்கட்டும். பின்னர்ப் புணர்த்து, ஒரே மூச்சில் படிக்கட்டும்.