கணினி மறவாத பெயர்கள்



ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! மொழிக்கான சொற்பொழிவு வரிசையில் கணினியின் அமைப்புப் பக்கத்துக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். நம் கணினி சேமித்து வைத்திருக்கும் கம்பியில்லா வலையமைப்புகளும் அவற்றை மாற்றியமைக்கும் முறையுமே இன்றைய பொருள். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் இன்று ஒரு கற்றல் சாதனம் இருக்கிறது. அது வீட்டில் தாத்தாவின் கைப்பேசி இணையும் அதே வைஃபையில்தான் இணைகிறது. பேரப்பிள்ளை அறிந்ததைத் தாத்தாவுக்கு விளக்கத் தமிழே வழியாக உள்ள வீடுகள் நம்மிடையே பல. அங்கே தமிழ்ச்சொல் இல்லையென்றால் பாதுகாப்பு பற்றிய அறிவும் பாதி வழியில் நின்றுவிடும்.

செங்காங்கில் ஒரு வீவக வீட்டின் வரவேற்பறையில் அமர்ந்து வைஃபைப் பட்டியலைத் திறந்தால், மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என அண்டை வீடுகளின் வலையமைப்புப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். அது அருகில் இருப்பவற்றின் பட்டியல். நாம் பேசவிருப்பது இன்னொரு பட்டியலைப் பற்றி. நாம் ஒருமுறை இணைந்த இடங்களை எல்லாம் கணினி தன்னுள்ளே எழுதி வைத்துக்கொள்கிறது. பெயர், பாதுகாப்பு வகை, கடவுச்சொல், தானாக இணைய வேண்டுமா என்னும் விருப்பம் ஆகிய நான்கும் அதில் அடங்கும். விடுமுறையில் தங்கிய விடுதி, ஒரே ஒருமுறை சென்ற உணவகம், வீடு மாறிப்போன உறவினரின் இல்லம் என எதையும் அது மறப்பதில்லை.

நினைவாற்றல் நன்மைதானே என்று தோன்றலாம். இடர் எங்கே வருகிறது என்பதைப் பார்ப்போம். கடவுச்சொல் உள்ள வலையமைப்பில், கணினியும் வைஃபைக் கருவியும் அச்சொல் இருவருக்கும் தெரியும் என்பதை ஒன்றுக்கொன்று மெய்ப்பித்த பிறகே இணைகின்றன. கடவுச்சொல் இல்லாத திறந்த வலையமைப்பில் அத்தகைய சோதனை கிடையாது. பெயர் ஒத்திருந்தால் போதும். அதே பெயரை வேறொருவர் தம் கருவிக்குச் சூட்டி அருகில் வைத்தாலும், தானாக இணையும்படி விடப்பட்ட கணினி அதனைப் பழைய நண்பன் என்றே நம்பிவிடும். பெயரைக் கேட்டதும் கதவைத் திறந்துவிடும் வாயிற்காவலரைப் போன்றது அதன் நிலை.

நம் நாட்டு எடுத்துக்காட்டையே காண்போம். பொது இடங்களில் கட்டணமின்றி இணையம் வழங்கும் 'வயர்லெஸ்@எஸ்ஜி' திட்டம் 2006 டிசம்பரில் தொடங்கியது. நூலகங்கள், கடைத்தொகுதிகள் எனப் பல இடங்களுக்கு அது பரவியது. பின்னர், பெயரின் இறுதியில் 'எக்ஸ்' என்னும் எழுத்தைச் சேர்த்து மறையாக்கப் பாதுகாப்புடைய வலையமைப்பும் வந்தது. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. எனினும் திறந்த வாயிலுக்கும் பூட்டிய வாயிலுக்கும் உள்ள தொலைவு அந்த ஓரெழுத்தில் அடங்கியிருக்கிறது. ஓரெழுத்துப் பிழையால் பொருள் மாறுவதை வகுப்பறையில் நாள்தோறும் சொல்லித்தரும் தமிழாசிரியர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

அஞ்சி ஒதுங்கவும் வேண்டியதில்லை. வங்கி முதலிய தளங்கள் தம் பக்கங்களைத் தாமே மறையாக்கம் செய்து அனுப்புகின்றன. ஆகவே போலி வலையமைப்பை நடத்துபவர் இடையில் புகுந்து அவற்றை எளிதில் படித்துவிட இயலாது. ஆனால் இணைந்தவுடன் ஒரு போலி நுழைவுப் பக்கத்தைக் காட்டி, மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ கேட்க இயலும். கேட்டதைக் கொடுப்பது மனிதரே.

எனவே செய்யத்தக்கவை சில. விண்டோஸ் கணினியில் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, இணையப் பகுதியில் வைஃபையைத் தேர்ந்தால், 'அறிந்த வலையமைப்புகளை நிர்வகித்தல்' என்னும் பொருளுடைய வரி இருக்கும். மேக் கணினியிலும் வைஃபை அமைப்புகளில் இத்தகைய பட்டியல் உண்டு. இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்பவற்றை நீக்கிவிடுக. எப்போதேனும் பயன்படும் திறந்த வலையமைப்பை வைத்துக்கொண்டு, தானாக இணையும் வசதியை மட்டும் நிறுத்துக. வெளியிடங்களில் 'பொது' என்னும் வகையைத் தேர்க. அப்போது அதே வலையமைப்பில் உள்ள பிற கணினிகளின் கண்ணுக்கு நம் கணினி புலப்படாது. கைப்பேசி வழி இணையும்போது அதனை 'அளவிடப்படும் இணைப்பு' என்று குறித்தால் பின்னணிப் பதிவிறக்கங்கள் குறையும். பழைய கணினியைப் பிறருக்குக் கொடுக்கும் முன், அதனை முழுமையாகத் துடைத்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருக. சேமித்த கடவுச்சொற்கள் அதனுள் இருக்கும். பள்ளி வழங்கிய அமைப்புகளை மட்டும் பள்ளியைக் கேளாமல் மாற்றலாகாது.

வீட்டிலும் இவ்வறிவு பயன்படும். வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினால் கணினி பழைய சொல்லையே நீட்டி, இணைய முடியாமல் தவிக்கும். பட்டியலிலிருந்து அதை நீக்கிப் புதிதாக இணைந்தால் சரியாகிவிடும். புதிய ரவுட்டர் வாங்கும்போது பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு வகையையும் அப்படியே வைத்தால், எந்தச் சாதனத்தையும் தொட வேண்டியிராது.

இனி மொழிக்கு வருவோம். ஒரு வலையமைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கும் பொத்தானில் ஆங்கிலத்தில் 'மற' என்னும் பொருள்படும் சொல்லே உள்ளது. அதைத் தமிழில் 'மறந்துவிடுங்கள்' என்று எழுதினால், கணினி தம்மை மறக்கச் சொல்வதாகவே முதியவர் ஒருவர் எண்ணுவார். நாம் கணினிக்கு இடும் ஏவல் அது. ஆகவே 'மறந்துவிடு' என்பதே பொருந்தும். 'நீக்கு' என்பது இன்னும் தெளிவு. யார் யாரை ஏவுகிறார் என்பதை ஆங்கிலச் சொல் வெளிப்படுத்தவில்லை. தமிழின் வினைவிகுதி அதனை வெளிப்படுத்தியே தீரும். இலக்கணம் இங்கே பாதுகாப்புக்குத் துணை நிற்கிறது.

வலையமைப்புக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாமா என்று மாணவர் கேட்பதுண்டு. சூட்டலாம். சில ரவுட்டர்கள் ஏற்காமலும் போகலாம். அந்தப் பெயருக்கு 32 பைட்டு இடமே உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழில், யூடிஎஃப்-8 முறைப்படி, ஒவ்வொரு யூனிகோடு குறியீட்டுக்கும் 3 பைட்டு தேவை. புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். இலக்கணப்படி 'செங்காங்' நான்கு எழுத்து. கணினிக்கு அது 8 குறியீடு, 24 பைட்டு. எனவே இடம் கொள்ளும். 'சிங்கப்பூர்' ஆறு எழுத்து. 11 குறியீடு, 33 பைட்டு. ஒரே ஒரு பைட்டு மிகுதியால் நம் நாட்டின் தமிழ்ப்பெயர் அங்கே இடம்பெற இயலாது. எழுத்தெண்ணிப் பழகும் மாணவர்க்கு இதைவிடச் சுவையான பயிற்சி வேறு உண்டோ? எந்தப் பெயர் சூட்டினாலும் அதில் வீட்டு எண்ணைச் சேர்க்காதீர்கள். காப்பது நீண்ட கடவுச்சொல்லே.

கணினித்திரையில் தமிழ் தோன்றுவதற்கே உழைத்த முன்னோடி நா. கோவிந்தசாமி வாழ்ந்த ஊர் இது. தமிழ் இணைய மாநாடு 1997இல் இங்கே கூடியது. 2000இல் மீண்டும் கூடியபோது உத்தமம் அமைப்பு உருவாயிற்று. அவர்கள் எழுத்துகளைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். திரையில் உள்ளதைத் தமிழில் வீட்டாருக்கு எடுத்துரைப்பது நம் தலைமுறையின் கடமை.

ஆகவே இவ்வாரம் ஒரு வீட்டுப்பாடம். மாணவர்களே, வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு அந்தப் பட்டியலைத் திறவுங்கள். ஒவ்வொரு பெயரையும் படித்து, இது எந்த இடம், இன்னும் தேவையா என்று தமிழில் கேளுங்கள். தேவையற்றதை அவர் கையாலேயே நீக்கச் செய்யுங்கள். ஆசிரியர்களே, அந்த உரையாடலில் எந்தச் சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் திணறினார்கள் என்று மறுநாள் வகுப்பில் கேளுங்கள். அந்தச் சொற்களே அடுத்த பாடம்.