லயக் காம்பராவில் எரிவாயு
(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம் சமய விடயமன்று, அடுப்படி விடயம். ஆயினும் மாலையில் சுவாமி விளக்கேற்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது உரியது.

சில காலத்தின் முன், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எமக்குத் தெரிந்த தாயார் ஒருவர் கொழுந்தெடுத்துவிட்டு வீடு திரும்பினார். கதவைத் திறந்ததும் கெட்ட நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதென்று எண்ணி, விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தார். பின்னால் வந்த மகள், "அம்மா, காஸ் மணக்குது, பத்த வைக்காதீங்க!" என்று கையைப் பற்றிக்கொண்டாள். எலி சாகவில்லை, றப்பர்க் குழாயைக் கடித்துவிட்டுப் போயிருந்தது. அன்று பிழைத்தது ஒரு வீடு மட்டுமன்று, ஒரு லயமே பிழைத்தது.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதிகளின் பழைய லயங்களை நாம் அறிவோம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பல இடங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு காம்பராவிற் பற்றிய நெருப்பு கூரைவழியே அடுத்ததற்குத் தாவும். மிலாறும் விறகும் எரித்த காலத்துக்குக் கட்டிய வீட்டில் இன்று எரிவாயுவை வைத்திருக்கிறோம்.

இந்த வாயுவின் குணத்தை அறிதல் வேண்டும். சிலிண்டருக்குள் புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டும் திரவமாக அடங்கியுள்ளன. வெளிவந்தால் ஏறக்குறைய 250 மடங்கு விரியும். காற்றிலும் கனமானது, ஆதலால் புகைபோல் மேலே போகாது, தண்ணீர்போல் தரையிலே தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். இயல்பில் அதற்கு வாசனை இல்லை. நம்மை எச்சரிக்கவே நாற்றமூட்டும் பொருளைச் சேர்க்கிறார்கள்.

2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பாகங்களிலும் எரிவாயு வெடிப்புகள் நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அரசு நியமித்த குழு, கலவையின் விகிதம் மாறியதைக் காரணமாகக் கூறியது. புரோப்பேனின் அமுக்கம் பியூட்டேனிலும் மிக அதிகம். அது கூடும்போது பழைய குழாயும் தளர்ந்த மூட்டும் கசியத் தொடங்கும். தவறு எப்போதும் சமைக்கும் பெண்ணுடையதன்று என்பதையும் அவ்வாண்டு நமக்குக் காட்டியது.

மேல்நாடுகளில் வீட்டையே வண்டியாக்கிப் பயணஞ் செய்வோர் உண்டு. அங்கும் சிறிய அறை, உள்ளே எரிவாயு. அவ்வண்டிகளில் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளிப்புறமாகத் துவாரம் விடுகிறார்கள். கசிவை அறிவிக்கும் கருவியைத் தரையோரம் பொருத்துகிறார்கள். கனமான வாயு கீழேதான் தங்கும் என்ற ஒரே அறிவு இரண்டுக்கும் அடிப்படை. அவ்வறிவு நம் லயத்துக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை சில. சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். குளிருக்குப் பயந்து காம்பராவை முற்றாக அடைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். மூட்டுகளைச் சவர்க்கார நீர் தடவிச் சோதியுங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள். வெடித்த குழாயை ஒட்டுப் போடாமல் மாற்றுங்கள். நாற்றம் வந்தால் மின்சார சுவிச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். றெகுலேற்றரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். அடுத்த வீட்டு அடுப்பையும் அணைக்கச் சொல்லுங்கள். வெளியே நின்று 110 ஐ அழையுங்கள். தீப்புண்ணுக்குப் பற்பசை பூசாமல் இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள்.

ஆனால் தீயணைப்பு வண்டி பட்டணத்திலிருந்து மலைப்பாதை ஏறி வருமுன் தகரக் கூரை விழுந்துவிடும். முதலில் நிற்கப் போகிறவர் பக்கத்துக் காம்பராக்காரரே. எனவே, லயத்துக்கு இரண்டு இளைஞர் வீதம் பொறுப்பேற்று, மாதமொருமுறை வீடுதோறும் குழாய்களைப் பார்த்து வரவேண்டுமென்று மன்றத்தவரைக் கேட்கிறோம். கூரைவரை உயர்ந்த இடைச்சுவரும் காற்றுப் போகும் வழியும் கொண்ட வீடுகளை நிர்வாகங்களிடம் ஒரே குரலிற் கேட்போம். குழாயை மாற்றுவது நம் கடன்; சுவரை உயர்த்துவது அவர்கள் கடன்.

அன்று தாயின் கையைப் பற்றிய சிறுமிக்கு இதைப் பள்ளியில் யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்ன ஒரு சொல் ஒரு லயத்தைக் காத்தது. நாமும் சொல்லுவோம்.