நாவும் சமாதானமும்



சேர்வராயன் மலையிலே, ஏற்காட்டுக்கு அப்பால், கரடியூர் என்று ஒரு சிற்றூர் உண்டு. பெயரைக் கேட்டவுடன் சிலர் கரடிக்கு அஞ்சுவார்கள். நான் அவ்வூருக்கு ஒருநாள் அச்சத்தோடுதான் சென்றேன். ஆனால் நான் அஞ்சியது கரடிக்கு அன்று, என் நாவுக்கே. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

நான் சமவெளியில் பிறந்தவன். ஆசிரியப் பயிற்சி பெற்று, பல ஊர்களில் பணியாற்றி, இம்மலையில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியனாக வந்தேன். கரும்பலகையில் எழுதும் முறையையும் பாடக் குறிப்பு வரையும் முறையையும் எனக்குப் பயிற்சியில் கற்பித்தார்கள். ஒரு பிள்ளையை எப்படி விளிப்பது என்று எவரும் கற்பித்ததாக நினைவில்லை. அது தானே வரும் என்று நினைத்துவிட்டார்கள் போலும். எனக்கு வரவில்லை.

மலையிலே காப்பிப் பழம் சிவக்கும் காலத்தில் பள்ளியில் பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். பெற்றோர் பழம் பறிக்கச் செல்வார்கள். பிள்ளைகளும் உடன் செல்வார்கள், அல்லது வீட்டிலிருந்து கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். அவ்வாறு இரண்டு வாரம் வராமலிருந்து திரும்பிய ஒரு மாணவனை நான் வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்தினேன். அவன் கரடியூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன், ஓயாமல் கேள்வி கேட்பவன். “காட்டிலே திரிகிற பயலுக்குப் படிப்பு எதற்கடா?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது. வாசிக்க வேண்டிய பகுதி யாக்கோபு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரம். பெரிய கப்பலைச் சிறு சுக்கான் திருப்புவதையும், சிறு நெருப்பு பெருங்காட்டை எரிப்பதையும் காட்டி, நாவின் வல்லமையை அப்போஸ்தலர் அங்கே எச்சரிக்கிறார். நான் நன்றாக வாசிப்பவன் என்று சபையில் எனக்குப் பெயர் உண்டு. அன்றும் நன்றாகவே வாசித்தேன். வாசித்து முடித்து அமர்ந்தபோதுதான், எரிந்த காடு எது, நெருப்பு வைத்தவன் எவன் என்பது எனக்கு விளங்கிற்று.

மாலையில் மூடுபனியினூடே கரடியூருக்கு நடந்தேன். அந்தப் பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் அவனுடைய பாட்டி அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “வாங்க ஐயா, உட்காருங்க” என்றார். வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். என்ன சொல்லித் தொடங்குவதென்று தெரியாமல் நான் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்: “கீழே போனா எங்களை எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க ஐயா. அது எங்களுக்குப் பழகிப்போச்சு. ஐயாவும் சொல்லிட்டாரேன்னுதான் பையனுக்கு வருத்தம்.”

கடிந்து ஒரு சொல் இல்லை. குரல் உயரவும் இல்லை. அந்த அம்மையார் வணங்குவது சேர்வராயன் சாமியை. வேதபுத்தகத்தை அவர் தொட்டதில்லை. ஆயினும் நான் காலையில் வாசித்ததை மாலையில் நடத்திக் காட்டியவர் அவர்தாம். கெட்ட வார்த்தை எதுவும் வாயிலிருந்து புறப்படலாகாது, கேட்பவருக்குப் பயன்படும் நல்வார்த்தையே புறப்பட வேண்டும் என்பது பவுல் அப்போஸ்தலர் எபேசியருக்கு எழுதிய அறிவுரையின் கருத்து. வள்ளுவப் பெருந்தகையும் இனியவை கூறலை இல்லறவியலில், விருந்தோம்பலை அடுத்து வைத்தார். வாசலுக்கு வந்தவனுக்கு முதலில் சோறு, அதனோடு இன்சொல் என்ற முறையை அந்தத் திண்ணையில் நான் கண்ணாரக் கண்டேன்.

மலைப்பாதையில் திரும்பும்போது, பயிற்சிக் காலத்தில் நான் சென்று கண்ட ஓரிடம் நினைவுக்கு வந்தது. அது திருப்பத்தூரில் உள்ள கிறிஸ்துகுல ஆசிரமம். 1921-ஆம் ஆண்டில் அதை நிறுவியவர்கள் இரு மருத்துவர்கள். ஒருவர் தமிழரான டாக்டர் சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காத்லாந்து நாட்டுச் செல்வக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். இருவரும் மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்து, ஏழை நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார்கள். தமிழ்நாட்டுக் கோயிற்கட்டட முறையிலே கோபுரத்தோடு ஒரு ஜெபாலயம் எழுப்பினார்கள்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் தங்கியது வேறொன்று. ஆசிரமத்தில் இயேசுதாசனாருக்குப் ‘பெரியண்ணன்’ என்றும், பேட்டனுக்குச் ‘சின்னண்ணன்’ என்றும் பெயர். அது எந்தக் காலம்? வெள்ளையர் எவராயினும் ‘துரை’ என்று கைகட்டி நின்ற காலம். எங்கள் மலையிலும் காப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக அந்த விளியும் பெருகிற்று. அந்நாளில் ஒரு வெள்ளையர் தமிழருக்குத் தம்பியானார். நூறு பிரசங்கங்கள் சொல்ல முடியாத சுவிசேஷத்தை அந்த ஒரு விளிச்சொல் சொல்லிவிட்டது.

சமாதானம் என்றால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கியிருப்பது என்று சிலர் கருதுகிறார்கள். சின்னண்ணன் ஒதுங்கியிருக்கவில்லை. 1932-இல் சென்னையில், அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில், கதருடையோடு நின்ற அவரைப் போலீசார் தடியால் அடித்தார்கள். நிறநீரைப் பாய்ச்சி நனைத்தார்கள். அச்செய்தி பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை எட்டியது. அடிபட்டவர் கதரையும் களையவில்லை, தொண்டையும் விடவில்லை. திருப்பத்தூருக்கே திரும்பி வந்து நோயாளிகளின் நாடியைப் பிடித்தார். நியாயத்தின் பக்கம் நிற்க வசைச்சொல் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மறுநாள் காலை அந்தப் பிள்ளை வந்திருந்தான். வகுப்பின் நடுவே செய்த தவற்றை அறைக்குள் அழைத்து மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க முடியாது. ஆகவே வகுப்பின் நடுவிலேயே நின்று, “தம்பி, நான் சொன்னது தவறு, என்னை மன்னித்துக்கொள்” என்றேன். வகுப்பு சிரிக்கவில்லை. அவன் தலையசைத்து அமர்ந்தான்.

கதை இவ்விடத்தில் இனிதே முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. அவன் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தான். கணக்கைச் சரியாகப் போட்டான். கேள்வி மட்டும் கேட்கவில்லை. எப்போதும் முதலில் உயர்ந்த அந்தக் கை மறுபடியும் உயர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயிற்று. ஒரு நொடியில் பேசிய சொல்லை ஆற்றுவதற்கு ஓராண்டு! மன்னிப்பு ஒரு நாளில் கிடைக்கலாம். நம்பிக்கை மீண்டும் துளிர்க்க மழையும் வெயிலும் மாறிமாறி வர வேண்டும்.

அன்றுமுதல் நான் கைக்கொண்ட வழக்கங்கள் மூன்று. எந்தப் பிள்ளையையும் பெயரிட்டோ ‘தம்பி’ ‘தங்காய்’ என்றோ அழைப்பது முதலாவது. குறையைத் தனியிலும் நிறையைச் சபையிலும் சொல்வது இரண்டாவது. புண்படுத்திய இடத்திலேயே மன்னிப்புக் கேட்பது மூன்றாவது. இவற்றில் பலமுறை தவறியிருக்கிறேன். தவறிய போதெல்லாம் அந்தத் திண்ணையும் கறுப்புக் காப்பியும் என் கண்முன் வந்து நிற்கும்.

அன்பர்களே! நாம் ஆலயத்தில் பாடுவது கடவுளின் செவிக்கு எட்டும் என்று நம்புகிறோம். நம் வீட்டு வேலையாளும், தெருவில் காய்கறி விற்பவரும், வகுப்பின் கடைசிப் பெஞ்சுப் பிள்ளையும் அந்தப் பாட்டைக் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது நாம் அவர்களை அழைக்கும் அந்த ஒரு சொல்லைத்தான். நம்முடைய விசுவாசத்தில் அவர்கள் காதில் விழுவது அவ்வளவே. அந்தச் சொல் நல்ல சொல்லாக இருக்கட்டும்.