நகரபிதா இல்லாத நகரம்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனுக்கு வடமேற்கே, ஏறத்தாழ 7 மைல் தொலைவில், மேரிலாந்து மாநிலத்தில் பெதெஸ்டா என்னும் ஊர் அமைந்துள்ளது. 2020ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி அங்கு வாழ்வோர் 68,000 பேருக்கு மேற்பட்டவர். அந்நாட்டின் செல்வம் மிக்க ஊர்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் அதற்கு நகரசபை இல்லை, நகரபிதா இல்லை, சட்டம் வகுத்த எல்லைதானும் இல்லை. குடிசனமதிப்பின் பொருட்டுக் கீறப்பட்ட கோடே அதன் எல்லையாகக் கொள்ளப்படுகின்றது.

யோவான் சுவிசேஷத்திலே பிணி தீர்க்கும் குளமொன்று கூறப்படுகின்றதல்லவா? அக்குளத்தின் பெயரை 1820இல் எழுந்த தேவாலயமொன்று பூண்டது. 1871இல் தபாற்கந்தோரும் அதனையே ஏற்றது. பெயருக்கேற்ப ஊரும் பிணி தீர்க்கும் இடமாயிற்று. தேசிய சுகாதார நிறுவகத்தின் கட்டடங்களை ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 1940 ஒக்டோபர் 31இல் அங்கு திறந்துவைத்தார். 1942இல் கடற்படையின் பெரு மருத்துவமனையும் தொழிற்படத் தொடங்கியது. மருத்துவரும் விஞ்ஞானிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் வந்து குடியேற, நிலத்தின் விலை உயர்ந்தது.

அவ்வாறாயின் இவ்வூரை ஆள்பவர் யாவர்? மொன்கோமெரி மாவட்டத்தின் பேரவையும் அதன் நிருவாகத் தலைவருமே. அமெரிக்காவில் செல்வர் வாழும் குடியிருப்புகள் பல, தனிச்சபை அமைத்துத் தம் வரிப்பணத்தைத் தமக்குள்ளேயே செலவிடுவதுண்டு. பெதெஸ்டாவின் வரிப்பணமோ மாவட்டத்தின் பொது நிதியிற் சேர்கின்றது. மாவட்டம் முழுவதற்கும் பாடசாலை நிருவாகம் ஒன்றே. ஆதலால், வசதி குறைந்த அயலூர்ப் பிள்ளைகளின் கல்விக்கும் அப்பணம் உதவுகின்றது.

எனினும், தனிச்சபை இல்லாமையால் மட்டும் சமத்துவம் விளைந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கறுப்பின மக்களுக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை அவ்வூர்க் காணி உறுதிகள் பலவற்றில் எழுதப்பட்டிருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாதென உயர்நீதிமன்றம் தீர்த்தது 1948இல். வீட்டு விற்பனையில் இனபேதம் காட்டுதலை நாடெங்கும் சட்டம் தடுத்தது 1968இல். அடிமைத்தளை நீங்கிய மக்கள் ரிவர் வீதியருகே அமைத்த குடியிருப்போ அதற்குள் பெரும்பாலும் கலைந்து போயிற்று. அவர்களின் இடுகாடு கிடந்த நிலத்தின்மேல் வாகனத் தரிப்பிடம் எழுந்தது. வழித்தோன்றல்கள் அதன் பொருட்டு நீதிமன்றம் வரை சென்றனர்.

பின்னர் 1974இல் அம்மாவட்டம் புதுமையானதொரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பெருந்தொகையான வீடுகளைக் கட்டுவோர், அவற்றுள் ஒரு பங்கினை நடுத்தர வருவாயினர் வாங்கத்தக்க விலையில் வழங்கவேண்டும் என்பதே அச்சட்டம். இன்று அப்பங்கு குறைந்தது எட்டில் ஒன்றாகும். பெதெஸ்டாவும் அதற்கு விலக்கன்று. அங்கு வீட்டு விலை இன்னும் சாமானியர்க்கு எட்டாதது என்பது உண்மையே. ஆயினும் ஆசிரியரும் தாதியரும் தாம் பணிபுரியும் ஊரிலேயே குடியிருக்க ஒரு வழி திறந்தது.

நேயர்களே, ஓர் ஊருக்குச் சபை உண்டா இல்லையா என்பது நிருவாகத்தைப் பற்றிய வினா. அவ்வூரின் செல்வத்தில் அயலாருக்கும் பங்குண்டா என்பதோ நீதியைப் பற்றிய வினா. பெதெஸ்டாவில் அப்பங்கு தானாகக் கிடைத்ததன்று. சட்டம் இயற்றியே பெறப்பட்டது.