நகர இரைச்சலும் நில நடுக்கமும்

இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரின் மேற்கே, லட்சக்கணக்கான ஜனங்கள் குடியிருக்கும் காம்பி ஃப்ளெக்ரேய் என்ற எரிமலைப் பிரதேசத்தில், 1982 முதல் 1984 வரையிலான காலத்தில் பொட்சுவோலிப் பட்டினத்தின் தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தெழுந்தது. இத்தகைய இடத்தில் பூமியின் அதிசூக்ஷ்மமான அசைவையும் கருவிகள் கேட்டாக வேண்டும். ஆனால் ரயில்களும் லாரிகளும் இயந்திரங்களும் ஓயாமல் எழுப்பும் அதிர்வுகள், சிறு நடுக்கங்களின் அலைகளை ஒத்த வேகத்திலேயே துடிப்பதால், அவற்றை மூடி மறைத்துவிடுகின்றன. கடலலைகள் கரையோரத்தில் உண்டாக்கும் அதிர்வோ இன்னும் மந்தகதியில், இரவு பகல் பாராமல் நிகழ்வது.

ஆகையால் விஞ்ஞானிகள் நடுக்கத்தை அளக்குமுன் இரைச்சலையே அளக்கிறார்கள். ஒரு நிலையத்தில் பகலின் ஆரவாரமும் நள்ளிரவின் அமைதியும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று நிர்ணயித்தாலன்றி, எவ்வளவு சிறிய நடுக்கம் அக்கருவியின் கவனத்துக்குத் தப்பிவிடும் என்று சொல்ல இயலாது. பகலில் நடுக்கங்கள் குறைந்துவிட்டதாகத் தோன்றும் மாயத்தோற்றத்துக்கும் பகலின் இந்த இரைச்சலே காரணம். ஆழ்துளையில் கருவியை இறக்கினால் இரைச்சல் வெகுவாகத் தணியும். 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் உலகின் பல நகரங்களில் மனித சஞ்சாரத்தால் எழும் நில அதிர்வு பாதிவரை குறைந்ததென்பது பதிவான உண்மை. எரிமலையருகே வாழும் மக்களின் பாதுகாப்புக்கு, பொறுமை மிகுந்த இந்த அளவீடு இன்றியமையாத முதற்பணி.