பாட்டிக்கு மறதியா, நோயா?

 

இன்றைய பேச்சு ஒரு பாட்டியைப் பற்றியது. பெயர் வேண்டாம். இப்படி ஒரு பாட்டி இந்தத் தெருவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

பாட்டிக்கு வயது 70. சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பள்ளிக்கூடம் போனதில்லை. மகனுக்குப் பாலாநகரில் லேத் பட்டறையில் வேலை. தாத்தா காலமான பிறகு மகன் பாட்டியை இங்கே அழைத்து வந்துவிட்டார்.

கொஞ்ச நாளாகப் பாட்டியிடம் ஒரு மாற்றம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து விடுகிறார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். பகலிலும் தூங்கி விழுகிறார்.

"வயசாயிடுச்சு. அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மகன். மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. "வாங்க அத்தை, ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்" என்று அழைத்துப் போனார்.

முகாமில் ஒரு பெண் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். தெலுங்கில் கேட்டார்: "ஈ ரோஜு ஏ வாரம்?"

தெலுங்கில் வாரம் என்றால் கிழமை. இன்று என்ன கிழமை என்பதுதான் கேள்வி. பாட்டியின் காதில் அது தமிழ் வாரமாக விழுந்தது. எந்த வாரம் என்று கேட்டால் என்ன சொல்வது? யோசித்துப் பார்த்து, "ஆடி மூணாவது வாரம்" என்றார். அது சரிதான்! ஆனால் தாளில் விழுந்தது சுழி.

அடுத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பாட்டி விழித்தார். ஒரு அட்டையைக் காட்டிப் படிக்கச் சொன்னார். படிக்கத் தெரியாது. ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். எழுதத் தெரியாது. ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொன்னார். பாட்டி பென்சில் பிடித்ததே இல்லை. கை நடுங்கியது.

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. 30-க்கு 14. "மறதி நோய் மாதிரி தெரிகிறது" என்றார்கள்.

அன்று மாலையே பாட்டியின் கையை விட்டு அடுப்பு போனது. மறுநாள் பீரோ சாவி போனது. பேரனைக் கடைக்கு அழைத்துப் போகக் கூடாது என்றார்கள். வீட்டார் கெட்டவர்கள் அல்ல. பயந்துவிட்டார்கள். பாட்டி பேச்சைக் குறைத்துக்கொண்டார். யாராவது ஏதாவது கேட்டால், "எனக்கு என்ன தெரியும்?" என்பார்.

அந்த 14 சரியான மதிப்பெண்தானா?

இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1975-இல் அமெரிக்காவில் மூன்று பேர் இதை உருவாக்கினார்கள். மார்ஷல் ஃபோல்ஸ்டீன், அவர் மனைவி சூசன் ஃபோல்ஸ்டீன், அவர்களோடு பால் மெக்ஹ்யூ. இந்த நோயை மருத்துவர்கள் டிமென்ஷியா என்பார்கள். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி இழக்கும். நினைவு, பேச்சு, வழி தெரிவது, பணத்தை எண்ணுவது எல்லாம் குறையும். மருத்துவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, சில நிமிடத்தில் கேட்டுப் பார்க்க ஒரு சோதனை வேண்டும். அதற்காகத்தான் இதைச் செய்தார்கள். உலகம் முழுவதும் பரவிவிட்டது.

மொத்தம் 30 மதிப்பெண். 24-க்குக் கீழே வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இந்த வகுப்பில் கழித்தல் படித்தவர்கள் கூடவே போடுங்கள். ஏழு ஏழாகக் கழிப்பதற்கு 5 மதிப்பெண். படிப்பதற்கு 1. எழுதுவதற்கு 1. படம் வரைவதற்கு 1. ஆக 8. இந்த எட்டும் பள்ளிக்கூடம் கொடுக்கும் மதிப்பெண். பள்ளிக்கூடம் போகாத ஒருவருக்கு இந்த எட்டும் போய்விட்டால்? மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் 30-இல் 8 போக 22. மூளை நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் சந்தேகப் பட்டியலில் பெயர் சேர்ந்துவிடும்.

காய்கறிக் கூடையோடு தெருத் தெருவாகப் போகும் அம்மாவைப் பாருங்கள். எழுதத் தெரியாது. ஆனால் பத்துப் பேரின் பாக்கியை மனசிலேயே வைத்திருப்பார். அவர் மூளைக்கு என்ன குறை? குறை கேள்வியில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். ஹரியானாவில், டெல்லிக்குப் பக்கத்தில் பல்லப்கர் என்று ஒரு ஊர். அந்தப் பகுதிக் கிராமங்களில் முதியவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருத்துவர் மேரி கங்குலியும் அவரோடு சேர்ந்த இந்திய, அமெரிக்க ஆய்வாளர்களும் அங்கே போனார்கள். அமெரிக்கச் சோதனையை அப்படியே இந்தியில் மொழிபெயர்க்கவில்லை. கேள்விகளையே மாற்றினார்கள். அந்த இந்திச் சோதனை 1995-இல் வெளிவந்தது.

என்ன மாற்றினார்கள்? மணி என்ன என்று கேட்கவில்லை. இப்போது காலையா, மதியமா, மாலையா என்று கேட்டார்கள். "கண்ணை மூடு" என்று அட்டையில் எழுதிக் காட்டவில்லை. "என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சோதிப்பவரே கண்ணை மூடிக் காட்டினார். வாக்கியம் எழுதச் சொல்லவில்லை. வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். கவனத்தைச் சோதிக்க, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள்.

இது சலுகை இல்லை. பார்க்க வேண்டியதை மட்டும் பார்ப்பது. மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்கும் கேள்வி அப்படியே இருந்தது. ஏனென்றால் நினைவில் நிறுத்தப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

அதே குழுவினர் வீட்டாரிடம் கேட்பதற்கும் தனியாகக் கேள்விகள் தயாரித்தார்கள். அன்றாட வேலையில் என்ன தடுமாற்றம் என்பது கூட இருப்பவர்களுக்குத்தானே தெரியும்?

இந்த ஹைதராபாத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. மெட்ரோ ரயிலில் பாலாநகரில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் பஞ்சாகுட்டா. அங்கே நிம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அங்கே அப்போது பணியாற்றிய மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் மற்றவர்களும் 648 மறதி நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு மொழி பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களை விடச் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத்தான் நோய் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. வேறு சில ஊர்களில் நடந்த ஆய்வுகளில் இப்படித் தெரியவில்லை. அதனால் இதை முடிந்த முடிவு என்று சொல்ல முடியாது. இருந்தாலும், வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, கடையில் உருது என்று பேசுகிற இந்த ஊர்த் தமிழர்களுக்குக் கேட்கச் சந்தோஷமான செய்தி!

படித்தவர்கள் விஷயம் தலைகீழ். ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி 30-க்கு 28 வாங்கிவிடலாம். ஆனால் வீட்டுக்கு வரும் வழி மறந்து நடுத்தெருவில் நிற்பார். படிப்பு அவர் நோயைக் கொஞ்ச காலம் மறைத்து வைக்கும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து, "ஒன்றும் இல்லை" என்று அனுப்பினால் அதுவும் தவறு.

இன்னொரு சின்னச் சோதனை இருக்கிறது. மூன்று சொற்களை நினைவு வைக்க வேண்டும். ஒரு கடிகாரத்தை வரைய வேண்டும். அவ்வளவுதான். மூன்று நிமிடம் போதும். ஆனால் பென்சில் பிடிக்காத கைக்குக் கடிகாரமும் கஷ்டம்தான்.

அப்படியானால் இந்தச் சோதனைகள் வேண்டாமா? வேண்டும். 2023-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். பல வீடுகளில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அது 102 என்று காட்டும். மலேரியாவா, டைபாய்டா என்று சொல்லாது. அதற்கு ரத்தம் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வித் தாளும் அப்படித்தான். மதிப்பெண் குறைந்தால் மருத்துவர் காரணம் தேட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். பி12 வைட்டமின் குறைந்தாலும் வரும். மனச்சோர்விலும் வரும். சில மாத்திரைகளாலும் வரும். காது சரியாகக் கேட்காவிட்டால் கேள்வியே புரியாது. இவற்றுக்கெல்லாம் மருந்தோ வழியோ உண்டு. மூளை தேயும் நோயாகவே இருந்தால் முழுதாகக் குணமாக்க இன்னும் மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் தெரிந்தால் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யலாம். பணம், பத்திரம் பற்றி அவரையே கேட்டு முடிவு எடுக்கலாம்.

காரணம் தேடுவது மருத்துவர் வேலை. சந்தேகத்தைக் கண்டுபிடிக்க டாக்டர் பட்டம் தேவையில்லை. கேரளாவில் திருச்சூர்ப் பக்கம் மருத்துவர் ஷாஜி அங்கன்வாடி ஊழியர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சிதான் கொடுத்தார். அவர்கள் ஊருக்குள் போய்ச் சந்தேகப்பட்டவர்களைச் சுட்டிக் காட்டினார்கள். பிறகு நிபுணர் பரிசோதித்தார். சுட்டிக் காட்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு நோய் இருந்தது. 2002-இல் இந்த விவரம் வெளிவந்தது.

சரி, பாட்டிக்கு வருவோம். மருமகள் சும்மா இருக்கவில்லை. பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். "அத்தைக்குத் தெலுங்கு அவ்வளவா வராது. பள்ளிக்கூடமும் போகலை" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மருத்துவர் கேட்க, மருமகள் தமிழில் சொன்னார். பதிலை மட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மூன்று சொற்களில் பாட்டிக்கு இரண்டு நினைவு இருந்தது. கிழமைகளைப் பின்னாலிருந்து சொன்னார். ஒரு இடத்தில் தடுமாறித் திருத்திக்கொண்டார். "உங்க வீட்டைப் பற்றிச் சொல்லுங்கம்மா" என்றதும் ஊர் வீட்டைச் சொல்ல ஆரம்பித்தார். திண்ணை, கிணறு, கொட்டாய், மாடு. மருத்துவரே போதும் என்று கை காட்ட வேண்டியதாயிற்று!

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு குறைந்திருப்பது தெரிந்தது. தினமும் காலையில் மாத்திரை. சில மாதத்தில் பகல் தூக்கம் குறைந்தது. கேட்டதையே கேட்பதும் குறைந்தது. கொஞ்சம் மறதி இருக்கத்தான் செய்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுப்பு திரும்பப் பாட்டியிடம் வந்துவிட்டது. பால் வைக்கும்போது மட்டும் பேரன் பக்கத்தில் நிற்கிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், அழைத்துப் போகும்போது மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக் கருவி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த மொழி வரும், எதுவரை படித்தவர் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். எப்போதிலிருந்து மாற்றம், எந்த வேலையில் தடுமாற்றம் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இப்போதுதான் உங்களுக்கு எழுத வருகிறதே! எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவிக்கான 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். அதற்குக் காசு இல்லை.